ஒரு சொடுக்கின் வரலாறு: சைக்கிள் கியரும் கலப்பின் அரசியலும்

1

தொழில்நுட்ப வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் பட்டியல்கள்தாம். இன்ன ஆண்டில் இன்னார் இதைக் கண்டுபிடித்தார், அதனால் வேலை சுலபமாயிற்று, பிறகு இன்னொருவர் வந்து இன்னும் சுலபமாக்கினார் என்று போகும் கதையாடல் அது. ஒரு பொருள் நம் கைக்கு வரும்போது நம் கையிலிருந்து எது போகிறது, போனது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. இக்கேள்விகளை வைத்துக்கொண்டு மிகச் சிறிய ஒரு பொருளின் வரலாற்றைப் பார்க்கலாம். பந்தய சைக்கிளின் கியர்.

நம்மில் பலருக்கும் பழக்கமான சைக்கிளில் முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல், நடுவே ஒரு செயின். அதில் கியரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பந்தய சைக்கிளில் பின்னால் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும். செயின் சிறிய பல்சக்கரத்தில் ஓடினால் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகலாம்; பெரிய பல்சக்கரத்தில் ஓடினால் மேடு ஏறலாம். கைக்கு எட்டும் இடத்திலுள்ள லீவரை அசைத்தால் ஒரு கேபிள் இழுபடுகிறது. அதன் மறுமுனையில், பின்சக்கர அச்சுக்குக் கீழே தொங்கும் ஒரு கருவி செயினைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்சக்கரத்தில் ஏற்றுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் டிரெய்லியர். ரயில் தடம் புரண்டது என்கிறோமே, அப்படித் தடம் புரளச் செய்வது என்று பொருள். தமிழில் தடம்புரட்டி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆக லீவர், கேபிள், தடம்புரட்டி, பல்சக்கர அடுக்கு, செயின் என்று ஐந்து பொருள்கள். ஒரு கம்பெனியின் லீவரை இன்னொரு கம்பெனியின் தடம்புரட்டியோடு இணைத்து, மூன்றாவது கம்பெனியின் பல்சக்கரங்களில் ஓட்ட முடியுமா? 1980இல் ஐரோப்பாவில் ஒரு சைக்கிள் கடையில் இதைக் கேட்டிருந்தால் ‘இதுல என்ன கேள்வி வேண்டிக்கிடக்கு’ என்கிற மாதிரிதான் பதில் கிடைத்திருக்கும். 1990இல் கேட்டிருந்தால் ‘முடியாது’ என்பதே பதில். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் என்ன நடந்தது?

2

தடம்புரட்டி பிறந்ததே தூய்மைவாதத்தோடு மோதிக்கொண்டுதான். பிரான்சின் செந்தெத்தியேன் நகரத்தில் பட்டு வியாபாரியாக இருந்து சைக்கிள் தொழிலுக்கு வந்த பால் த விவி என்பவர் 1887இல் சைக்கிளுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய அவர், ஒரே கியரோடு மலையேறுவதில் வீரம் ஒன்றுமில்லை என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஆன்றி தெகிராஞ்ச். 1903இல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின் தலைவர் அவர். பந்தயம் என்பது தசையின் சோதனை, அதில் இயந்திரம் உதவக் கூடாது என்பது அவர் கட்சி. சைக்கிளே ஓர் இயந்திரம்தானே என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. தூய்மையின் எல்லைக்கோட்டை எங்கே வேண்டுமானாலும் வரையலாம். வரையும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம். 1937வரை டூர் தெ பிரான்ஸில் முன்னணி வீரர்களுக்குத் தடம்புரட்டி அனுமதிக்கப்படவில்லை. அனுமதித்த அந்த ஆண்டே தடம்புரட்டி பூட்டிய சைக்கிளில் ரொஜே லப்பேபி வென்றார்.

இடைக்காலத்தில் தடம்புரட்டியைக் காப்பாற்றி வளர்த்தவர்கள் ஊர் சுற்றுபவர்கள். 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பைச் சட்டமாக்கியபோது, கூட்டங்கூட்டமாக மக்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். நாயகர்களின் பந்தயம் ஒதுக்கிய கருவி சாதாரண ஜனங்களின் சாலையில் முதிர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மையம் இத்தாலிக்கு நகர்ந்தது. 1933இல் விசென்சாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய துல்லியோ காம்பாஞோலோ, 1950ஐ ஒட்டி கிரான் ஸ்போர்ட் என்ற தடம்புரட்டியைக் கொண்டுவந்தார். நாலு பக்கச் சட்டம் ஒன்று இணைகரமாகச் சாய்ந்து செயினைத் தள்ளும் அமைப்பு அது. அடிப்படை அமைப்பு இன்றும் அதுதான். பிரான்சில் சிம்ப்ளெக்ஸ், ஹூரே. ஜப்பானில் சன்டூர், ஷிமானோ. இவர்கள் எல்லோருடைய லீவர்களுக்கும் ஒரு பொதுத்தன்மை இருந்தது: லீவரில் நிறுத்தப் புள்ளி எதுவும் கிடையாது. உராய்வால் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். ஓட்டுபவர் லீவரைத் தள்ளிக்கொண்டே போவார், செயின் கரகரக்கும், அடுத்த பல்லில் ஏறியதும் சத்தம் அடங்கும், கொஞ்சம் கூடிப்போனால் ஒரு நூல் பின்னால் இழுத்துக்கொள்வார். எவ்வளவு தள்ளுவது என்ற அறிவு விரலிலும் காதிலும் இருந்தது. லீவருக்குத் தெரியாது, தடம்புரட்டிக்கும் தெரியாது.

இதனால்தான் அன்று கலப்பு என்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை. பொருள்களுக்கு இடையிலான பொருத்தத்தை உடம்பு செய்துகொண்டது. காம்பாஞோலோவின் புகழ்பெற்ற ‘குழு’வையே எடுத்துக்கொள்வோம். தடம்புரட்டி, லீவர், பெடல், அச்சு எல்லாம் ஒரே முத்திரையில் வருவதை இத்தாலியர்கள் குரூப்போ என்றார்கள். ஆனால் அன்று காம்பாஞோலோ செயின் செய்யவில்லை. நெடுங்காலம் ஃப்ரீவீலும் செய்யவில்லை. அவை பெரும்பாலும் ரெஜினா என்ற வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தன. ‘முழுக்க காம்பாஞோலோ’ என்று பெருமைப்பட்ட சைக்கிளின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது அடுத்த வீட்டுச் செயின்.

அன்று எல்லைகளே இல்லை என்று சொல்லவரவில்லை. இருந்தன. ஆனால் அவை தேச எல்லைகள். பெடல் அச்சு உட்காரும் சட்டத்துளையின் மரையை பிரான்ஸ் 35 மில்லிமீட்டருக்கு வெட்டியது, இத்தாலி 36 மில்லிமீட்டருக்கு, இங்கிலாந்து 1.37 அங்குலத்துக்கு. ஒன்றின் பாகம் இன்னொன்றில் ஏறாது. தேசத்தின் மரை காலாவதியாகத் தொடங்கிய காலத்தில்தான் நிறுவனத்தின் சொடுக்கு வந்தது.

3

ஒசாகாவை அடுத்த சகாய் நகரம் வாளுக்கும் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர்போனது. அந்த உலோகத் தொழில் மரபின் தொடர்ச்சியாக அங்கே சைக்கிள் பாகங்கள் செய்யும் பட்டறைகள் பெருகின. 1921இல் ஷோசாபுரோ ஷிமானோ அங்கு ஃப்ரீவீல் செய்ய ஆரம்பித்தார். 1970களில் அவருடைய நிறுவனம் ஐரோப்பிய பந்தயச் சந்தைக்குள் நுழையப் பலவிதமாக முயன்றது. 12.7 மில்லிமீட்டருக்கு ஒரு கண்ணி என்பது செயினின் உலகப் பொது அளவு. ஷிமானோ 10 மில்லிமீட்டர் கண்ணியில் ஒரு தனிச் செயினும் பல்சக்கரமும் கொண்டுவந்தது. வேறு யாரும் அதைப் பின்பற்றவில்லை; அது செத்துப்போனது. மூடிய அமைப்பு எப்போதும் வெல்லும் என்றில்லை.

1984இல் வந்த டியூரா-ஏஸ் 7400 வென்றது. அதன் லீவரில் சொடுக்கு இருந்தது. ஒரு சொடுக்கு, ஒரு கியர். இதைச் சாத்தியமாக்கியதில் இன்னொரு ஜப்பானிய நிறுவனமான சன்டூருக்குப் பெரும் பங்குண்டு. தடம்புரட்டியின் இணைகரத்தைச் சரிவாக வைத்தால் அது பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகரும் என்று 1964இல் காப்புரிமை பெற்றது சன்டூர்தான். அந்தக் காப்புரிமை 1984இல் காலாவதியானது. காத்திருந்ததுபோல ஷிமானோ அதை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தன் சொடுக்கை வைத்தது.

இந்தச் சொடுக்கின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிற்பாடு வரும் அரசியல் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு சொடுக்குக்கு லீவர் இழுக்கும் கேபிள் நீளம் ஒரு எண். ஒரு மில்லிமீட்டர் கேபிள் இழுபட்டால் தடம்புரட்டி எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்பது இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் வருவது, அடுத்தடுத்த இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பின்னாளில் வந்த ஷிமானோவின் பத்து பல்சக்கர அமைப்பில் இழுப்பு ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர், தடம்புரட்டியின் விகிதம் 1.7, பெருக்கினால் 3.9. பல்சக்கர இடைவெளி 3.95. காம்பாஞோலோவின் பத்தில் இழுப்பு 2.8, விகிதம் 1.5, பெருக்கினால் 4.2. இடைவெளி 4.15. எண்கள் வேறு, வேலை ஒன்றுதான்.

முன்பு விரலும் காதும் செய்த வேலையை இப்போது மூன்று எண்கள் செய்கின்றன. அந்த எண்கள் ஓட்டுபவரிடம் இல்லை. கடை மெக்கானிக்கிடமும் இல்லை. வடிவமைப்பாளரின் மேசையில் இருக்கின்றன. ஹாரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட தம் நூலில், சிந்திப்பதையும் செய்வதையும் பிரித்து, சிந்திப்பதை நிர்வாகத்தின் கையில் சேர்ப்பதே நவீன முதலாளியத்தின் உழைப்பு ஒழுங்கமைப்பு என்றார். அவர் பேசியது தொழிற்சாலையைப் பற்றி. இங்கு அதே பிரிவினை வாங்கியவரின் கைக்குள்ளேயே நடந்திருக்கிறது.

ஆனாலும் முதல் சொடுக்கு லீவரில் ஒரு வளையம் இருந்தது. அதைத் திருப்பினால் சொடுக்கு போய்ப் பழைய உராய்வு முறை வந்துவிடும். வழியில் சக்கரம் கெட்டு வேறு சக்கரம் மாட்டினாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். 1990இல் ஷிமானோ லீவரை பிரேக்கோடு சேர்த்து ஹேண்டில்பாருக்கு ஏற்றியபோது அந்த வளையத்தை விட்டுவிட்டது. திரும்பிப் போகும் வழி மூடப்பட்டது அங்கேதான்.

எதிராளிகள் என்ன செய்தார்கள்? காம்பாஞோலோ 1980களின் பிற்பகுதியில் சின்க்ரோ என்ற தன் சொடுக்கு லீவரைக் கொண்டுவந்தது. ஏற்கனவே புழக்கத்தில் இருந்த பலதரப்பட்ட ஃப்ரீவீல்களோடும் அது ஓட வேண்டும் என்று நினைத்தார்கள். ஃப்ரீவீலுக்குத் தக்கபடி லீவருக்குள் மாற்றிப் போட்டுக்கொள்ள வண்ண வண்ணமான உள்வளையங்களைக் கொடுத்தார்கள். இது கலப்பை ஏற்றுக்கொண்ட சொடுக்கு. தோற்றுப்போனது. எந்தச் சேர்க்கையிலும் துல்லியமாக விழவில்லை. சன்டூரின் சொடுக்கு முறைக்கும் இதே கதிதான். சரியான செயினும் ஃப்ரீவீலும் அமையாத இடத்தில் அது தடுமாறியது, பழி லீவரின் மேல் விழுந்தது. ஷிமானோவோ லீவர், கேபிள், அதன் உறை, தடம்புரட்டி, ஃப்ரீவீல், செயின் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வாங்க வேண்டும் என்றது. வாங்கியவர்களுக்கு நன்றாக ஓடியது. 1988இல் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் ஷிமானோ பூட்டிய சைக்கிளில் இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தை வென்றார். அதே காலகட்டத்தில் சன்டூர் கடனில் விழுந்து கைமாறியது.

முற்போக்காக யோசிப்பவர்களுக்கு இது சங்கடமான இடம். திறந்த அமைப்பு தோற்றது, மூடிய அமைப்பு நன்றாக வேலை செய்தது. இதை ஒளித்துவிட்டு எழுதினால் வெறும் புலம்பல்தான் மிஞ்சும். அப்படியென்றால், மூடுவது தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத தேவையா?

4

தேவையாக இருந்தது என்னவோ மூன்று எண்களுக்கு இடையிலான பொருத்தம். எல்லா எண்களும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்பதல்ல. செயினின் 12.7 மில்லிமீட்டர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. நூறாண்டுக்கும் மேலாக அது பொதுச்சொத்து. லீவரின் இழுப்பும் அப்படி ஒரு பொது அளவாக ஆகியிருக்கலாம். ஆகவில்லை. காரணம் பட்டறையில் இல்லை, சந்தையில் இருக்கிறது.

1980களின் இறுதியில், தடம்புரட்டி தொடங்கிப் பல்சக்கரம்வரை முழுக்கத் தன் பாகங்களையே போடும் சைக்கிள் உற்பத்தியாளர்களுக்கு ஷிமானோ பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. லாபம் மெல்லிசாக இருக்கும் தொழிலில் பத்து சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை. சிகாகோவில் 1987இல் தொடங்கிய ஸ்ராம் என்ற சிறு நிறுவனம் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு பொருள்: கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும் லீவர். ஷிமானோவின் தடம்புரட்டியோடு கலந்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அந்த லீவரைப் போட்டால் உற்பத்தியாளருக்குத் தள்ளுபடி போய்விடும். ஆக, லீவரை இலவசமாகக் கொடுத்தாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகாத நிலை வரலாம். 1990இல் ஸ்ராம் வழக்குத் தொடுத்தது. 1991இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது, தொகை வெளியிடப்படவில்லை. தள்ளுபடி முறை முடிவுக்கு வந்தது.

‘முழுமையான தொகுதியே சிறப்பாக இயங்கும்’ என்ற பொறியியல் சொல்லாடலுக்குப் பின்னால் ஒரு விலைப்பட்டியல் இருந்தது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. அது மட்டுமே இருந்தது என்று நான் சொல்லவில்லை. பொறியியலும் இருந்தது, விலைப்பட்டியலும் இருந்தது. ஒன்று இன்னொன்றுக்கு மொழி கொடுத்தது.

இதில் ஸ்ராமை ஏழைப் போராளியாக ஆக்கிவிடவும் கூடாது. கலப்புரிமைக்காக வழக்காடிய அதே நிறுவனம் 1990களின் நடுவில் சொந்தமாகத் தடம்புரட்டி செய்தபோது, அதற்கு ஷிமானோவிலிருந்து வேறுபட்ட விகிதத்தை வைத்தது. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று: கேபிள் எவ்வளவு இழுபடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவே தடம்புரட்டி நகரும். இதற்கு நல்ல காரணமும் உண்டு. கேபிள் அதிகம் இழுபடும் அமைப்பில் சேறு, துரு, தளர்ச்சியால் வரும் சிறு பிசகு பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த நல்ல காரணமே ஒரு நல்ல மதிலாகவும் ஆயிற்று. 2006இல் ஸ்ராம் சாலைப் பந்தயத்துக்கான செட்டுகளோடு வந்தபோது ஷிமானோவின் பல்சக்கர இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டது. லீவர் இழுப்பை மட்டும் மாற்றிக்கொண்டது. சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம், லீவரை மாற்ற முடியாது. புதிதாக வருபவன் அடுத்தவன் வாசலைத் திறந்துவைத்து, தன் வாசலைச் சாத்திக்கொள்ளும் கதை இது.

இன்னும் விசித்திரம், ஒரே வீட்டுக்குள் எழும் மதில்கள். 1984 முதல் 1996வரை ஷிமானோவின் உச்சநிலைத் தொகுதியான டியூரா-ஏஸின் தடம்புரட்டிக்கு அதன் மற்றத் தொகுதிகளிலிருந்து வேறு விகிதம். கீழ்நிலை லீவரை வைத்து மேல்நிலைத் தடம்புரட்டியை ஓட்ட முடியாது. ஒன்பது பல்சக்கரக் காலத்தில் இந்தப் பாகுபாடு நீங்கியது. சாலை சைக்கிளின் லீவரும் மலை சைக்கிளின் தடம்புரட்டியும்கூட ஒன்றோடொன்று ஓடின. பத்தில் சாலையும் மலையும் பிரிந்தன. பதினொன்றில் சாலை சைக்கிளின் விகிதமே மாறியது. 2015இல் வந்த தியாக்ரா 4700 பத்து பல்சக்கரத் தொகுதிதான், ஆனால் அதற்கு முந்தைய பத்தோடு சேராது. போட்டியாளரிடமிருந்து மட்டுமல்ல, தன் சொந்தப் பழமையிலிருந்தும் வாங்குபவரைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பழைய லீவர் நன்றாக இருந்தாலும் புதிய தடம்புரட்டிக்கு ஆகாது என்றால், ஒரு பாகம் தேய்ந்ததும் ஐந்தையும் வாங்க வேண்டும்.

5

இந்த இடத்தில்தான் கலப்பவர்கள் வருகிறார்கள். இவர்களில் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள், பழைய சைக்கிளைக் கைவிட மனமில்லாதவர்கள், சிறு கடைகளின் மெக்கானிக்குகள் என்று பலர் உண்டு. நிறுவனங்கள் இழுப்பையும் விகிதத்தையும் பெட்டியின் மேல் அச்சிட்டு விற்பதில்லை. இவர்கள் அளவுகோலை வைத்துத் தாங்களே அளந்தார்கள், அட்டவணை போட்டார்கள், பகிர்ந்துகொண்டார்கள். மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடை மெக்கானிக்காக இருந்த ஷெல்டன் பிரவுன் (1944-2008) எது எதோடு சேரும், சேராததைச் சேர்க்க என்ன செய்யலாம் என்பதை வாழ்நாளெல்லாம் எழுதி இலவசமாகக் கொடுத்தார்.

அவர்களுடைய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். காம்பாஞோலோவின் பத்து கியர் லீவர் சொடுக்குக்கு 2.8 மில்லிமீட்டர் இழுக்கிறது. ஷிமானோவின் பழைய தடம்புரட்டியின் விகிதம் 1.7. பெருக்கினால் 4.76. ஷிமானோவின் எட்டு பல்சக்கர அடுக்கின் இடைவெளி 4.8. எந்தப் பட்டியலிலும் இல்லாத, எந்த நிறுவனமும் நினைத்துப் பார்க்காத ஒரு பொருத்தம்! காம்பாஞோலோவின் பதினொரு கியர் லீவரின் 2.6ஐ அதே 1.7ஆல் பெருக்கினால் 4.42; ஷிமானோவின் ஒன்பது பல்சக்கர இடைவெளி 4.35. அதுவும் ஓடுகிறது. பிரிட்டனில் இந்தச் சேர்க்கைக்கு ‘ஷிமெர்கோ’ என்றே பெயர்: ஷிமானோவும், காம்பாஞோலோ லீவரின் பெயரான எர்கோவும் கலந்த கலப்புச்சொல்.

வேறு வழிகளும் உண்டு. தடம்புரட்டியில் கேபிளைப் பிடிக்கும் திருகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கேபிளை மாற்றிக் கட்டினால் நெம்புகோலின் நீளம் சற்று மாறும், விகிதமும் மாறும். கூடுதல் செலவில்லை. அல்லது இரண்டு வேறு விட்டங்கள் கொண்ட ஒரு சின்னக் கப்பியைக் கேபிளின் வழியில் வைத்தால் உள்ளே வரும் இழுப்பு வேறாக வெளியே போகும். இப்படிப்பட்ட கப்பிகளைச் செய்து விற்கும் சிறு நிறுவனங்களே தோன்றின. அவற்றுள் ஒன்றான, மினசோட்டாவின் வுல்ஃப் டூத் செய்த கப்பி, ஷிமானோவின் சாலை லீவரையும் ஷிமானோவின் மலைத் தடம்புரட்டியையும் இணைப்பதற்கு. ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே பேசுவதற்கு வெளியாள் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் கலக்க வேண்டும்? பொழுதுபோக்காகச் செய்பவர்கள் உண்டு. ஆனால் ஷிமெர்கோக்காரர்களின் காரணம் மிகவும் பிழைப்பு சார்ந்தது. பழைய எர்கோ லீவரைப் பிரிக்கலாம். உள்ளே தேய்வது சின்ன ஸ்ப்ரிங். அதைத் தனியாக வாங்கி மாற்றினால் லீவர் மறுபடி புதுசு. ஷிமானோவின் லீவர் பிரிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். மறுபக்கம் ஷிமானோவின் பல்சக்கரமும் தடம்புரட்டியும் விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், மலைக்கேற்ற பெரிய பற்களோடும் வரும். ஆக, பழுதுபார்க்கக்கூடிய லீவரையும் எங்கும் கிடைக்கும் பல்சக்கரத்தையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் அதன் முத்திரையை விட்டுவிட்டு அதன் குணத்தால் வாசித்த வாசிப்பு இது. தொகுதி என்ற பிரதியை அதன் ஆசிரியர் நினைத்தபடி வாசிக்க மறுப்பது.

கலப்பு, தூய்மை என்ற சொற்களைத் தமிழில் எழுதும்போது அவற்றின் மேல் படிந்திருக்கும் ரத்தத்தை மறந்துவிட முடியாது. பல்சக்கரங்களைச் சாதிக்கு உருவகமாக்கி இக்கட்டுரையை முடித்துவிடுவது சுலபம். கலப்புமணம் செய்துகொண்டவர்களை வெட்டிக் கொல்லும் நாட்டில் அது மலிவான உருவகமாக இருக்கும். பாகங்களுக்கு வலியில்லை. இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைவிடக் குறுகலான ஒன்று: ‘இவை இயல்பிலேயே சேராதவை’ என்று யாராவது சொல்லும்போது, சேராமையை அளந்து பார்க்கும் பழக்கம். மூன்று தலைமுறைகளில் காம்பாஞோலோவின் எட்டுக்கும் ஷிமானோவின் எட்டுக்கும், ஒன்பதுக்கும் ஒன்பதுக்கும், பத்துக்கும் பத்துக்கும் பல்சக்கர இடைவெளியில் இருந்த வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். பத்து பல்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள ஒன்பது இடைவெளிகளில் இது கூடிக்கூடி 1.8 மில்லிமீட்டர் ஆகிறது. செயின் பிசகுவதற்கு அவ்வளவு போதும். இரண்டு உலகங்களுக்கு நடுவேயிருந்த மதிலின் கனம் மொத்தம் அவ்வளவுதான்.

6

இரண்டு மறுப்புகளைச் சந்தித்தாக வேண்டும். முதலாவது, இந்த வாதம் பழைய உராய்வு லீவருக்கான ஏக்கம்தானே என்பது. இல்லை. உராய்வு லீவரைக் கையாளத் தேர்ச்சி வேண்டும். ஆரம்பநிலையில் இருப்பவர்களையும் விரல் வலுவில்லாதவர்களையும் அது வெளியே நிறுத்தியது. நெரிசலில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துச் சட்டத்திலிருக்கும் லீவரைத் தேட வேண்டிய ஆபத்தும் இருந்தது. சொடுக்கு கியரை ஜனநாயகப்படுத்தியது என்றுகூடச் சொல்லலாம். கைத்திறனின் பெயரால் அதை மறுப்பது தெகிராஞ்சின் தசைத் தூய்மைக்கே திரும்புவதாகும். அறிவு விரலிலிருந்து எண்ணுக்குப் போனது குற்றமல்ல. எண் யாருடைய மேசைக்குள் பூட்டப்பட்டது என்பதே கேள்வி. எண் கையில் கிடைத்தவுடன் அந்த அறிவு விரலுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் உரியதாகிறது என்பதைக் கலப்பவர்களின் அட்டவணைகள் காட்டின.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் பழங்கதை என்பது. ஒரு வகையில் சரி. 2009இல் ஷிமானோ மின்மோட்டார் வைத்த தடம்புரட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 2011இல் காம்பாஞோலோ, 2015இல் ஸ்ராம் கேபிளை முற்றாக நீக்கி வானொலி அலைகளில் இயங்கும் அமைப்பை அறிவித்தது. 2021இல் வந்த டியூரா-ஏஸில் கேபிளுக்கே இடமில்லை. கேபிள் போனதோடு அளவுகோலும் போய்விட்டது. 0.2 மில்லிமீட்டரை அளக்கலாம், கப்பி வைத்து ஈடுகட்டலாம். மறையீடு செய்யப்பட்ட சமிக்ஞைக்குக் கப்பி எது? ஒரு நிறுவனத்தின் லீவர் பேசுவது இன்னொன்றின் தடம்புரட்டிக்குக் கேட்பதே இல்லை. 2024இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், ஷிமானோவின் கம்பியில்லாச் சமிக்ஞையைப் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால் அடுத்தவர் கியரை மாற்றிவிட முடியும் என்று காட்டினார்கள். நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது. மூடிய மொழி பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு அடி.

எண்களின் அதிகாரம் ஓய்ந்துவிடவுமில்லை. 2025இல் உலக சைக்கிள் சம்மேளனம், வேகத்தைக் குறைத்து விபத்தைத் தடுப்பதாகச் சொல்லி, முன்னால் 54 பல், பின்னால் 11 பல் என்பதைத் தாண்டிய கியர் கூடாது என்று ஒரு சோதனை விதியை அறிவித்தது. பார்க்க நடுநிலையான எண். ஆனால் பந்தயத் தொகுதிகளில் பின்னால் பத்துப் பல்லிலிருந்து தொடங்குவது ஸ்ராமுடைய வடிவமைப்பு. விதியால் பெரிதும் பாதிக்கப்பட்டது அது. ஸ்ராம் பெல்ஜியத்தின் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. அந்த அக்டோபரில் ஆணையம் விதியை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. 1990இல் பத்து சதவீதத்துக்கு எதிராக வழக்காடிய அதே கம்பெனி, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக நின்று, ஒரு பல்லுக்காக வழக்காடியது. அதன் சொந்த லீவர் இப்போதும் தன் தடம்புரட்டியோடு மட்டுமே பேசுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

போட்டி நிறுவனங்களுக்கு இடையில் நியாயம் வாங்கித் தருவதோடு இவ்வழக்குகளின் எல்லை முடிந்துவிடுகிறது. வாங்கியவர் பிரிக்கலாமா, அளக்கலாமா, இன்னொன்றோடு சேர்க்கலாமா என்பதை எந்த நிறுவனமும் தன் வழக்கில் கேட்காது. அதை ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான் கேட்க வேண்டும். டிராக்டரில், கைபேசியில், அச்சு இயந்திரத்தில் என்று பல இடங்களில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குரல் எழுந்திருக்கும் காலம் இது. அக்குரலுக்குச் சைக்கிள் மெக்கானிக்குகளின் அட்டவணைகள் ஒரு முன்வரலாறு. சட்டம் எதுவும் அவர்களுக்கு அந்த எண்களை வாங்கித் தரவில்லை. கேபிளை இழுத்து, எவ்வளவு நகர்கிறது என்று அவர்களே பார்த்தார்கள்.